சபுராளிகளே, பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்!

(வெளிநாடு செல்லவிருக்கும் இளைஞர்களுக்கும் வியாபாரிகளுக்கும் ஜமாஅத் மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் எத்தனை பேர் சொந்தப் பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறையாவது படித்திருக்கிறீர்கள்? வெட்கப்பட வேண்டாம். நானும் படித்ததில்லை. 1993இல் முதன்முதலாகச் சபர் போனபோது என் பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் இருந்தது. விமான நிலைய வாசலில்தான் அதை என் கையில் தந்தார். இறங்கிய ஊரில் கம்பெனி ஆள் வாங்கிக்கொண்டார். ஆக, அந்தப் புத்தகம் என் கையில் இருந்தது ஒரு பகல் பொழுதுதான்! இரண்டு வருடம் கழித்து வாப்பா மவுத்தாகிவிட்ட செய்தி வந்த அன்று அதைக் கேட்டேன். "மேனேஜர் லீவில் இருக்கிறார், அலமாரிச் சாவி அவரிடம்" என்றார்கள். ஒன்பது நாள் கழித்து ஊர் வந்து சேர்ந்தேன். கபுரின் மண் காய்ந்திருந்தது.

இதை அழுது காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்த ஒன்பது நாளை இழந்திருக்க மாட்டேன். பாஸ்போர்ட் என் முதலாளிக்குச் சொந்தமல்ல. ஏன், எனக்கே சொந்தமல்ல! 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவு அது எப்போதும் இந்திய அரசின் உடைமை என்கிறது. அரசாங்கத்தின் பொருளை நம் கையில் அமானிதமாகத் தந்திருக்கிறார்கள். அதை அடகு பிடித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. வளைகுடா நாடுகளிலும் இதே நிலைதான். அமீரகத்திலும் சவூதியிலும் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது தடை செய்யப்பட்டது. கத்தாரில் 2015ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு 25 ஆயிரம் ரியால் வரை அபராதம் வைத்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம், நடப்பது ஒரு பக்கம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தவன் கேட்கும் தோரணையே வேறு. அவன் தூதரகத்துக்குப் போவான், தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவான். தெரியாதவன் அலமாரிச் சாவிக்காகக் காத்திருப்பான், என்னைப் போல!

நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது இந்தப் புத்தகம் எதுவும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் கடையில் இருப்பார், அவர் பெயரே விசா! கொழும்புக்குப் போவது மதுரைக்குப் போவது போலத்தான் இருந்தது. 1949 நவம்பர் 1இல் இலங்கையின் குடிவரவுச் சட்டம் அமலுக்கு வந்தது. பெட்டாவில் இரண்டு மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் "தற்காலிகமாக வசிப்பவர்" ஆனார்கள். அனுமதி முடிந்தவர் கடையை யார் கையிலாவது ஒப்படைத்துவிட்டு வர வேண்டியதாயிற்று. பர்மாவில் 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. பெரிய நோட்டுகளும் செல்லாது என்றானது. வெறுங்கையோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களின் பிழைப்புக்காகத்தான் பர்மா பஜார் உண்டானது. மலேசியாவில் 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் குடியுரிமை எடுக்காத நம்மவர்கள் சொந்த மச்சான் கடையிலேயே பெர்மிட் இல்லாமல் நிற்க முடியவில்லை. "அடுத்த வருடம் எழுதிக் கொடுப்போம்" என்று இருந்தவர்கள்தான் அவர்களில் பலரும்.

காரைக்காலைப் பாருங்கள். 1962 ஆகஸ்ட் 16இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, அங்கே பிறந்து அங்கேயே வசித்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் தந்தார்கள். ஒரு வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி சும்மா இருந்தார். இன்று அண்ணன் பேரன் பாரிஸில் இருக்கிறான், தம்பி பேரன் விசாவுக்கு வரிசையில் நிற்கிறான். எது நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு காகிதத்தில் ஒரு கையெழுத்து மூன்று தலைமுறைக்குப் பேசுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

இனி உங்கள் கையில் இருக்கும் புத்தகத்துக்கு வருவோம்.

முதலில் பெயர். நம் சமுதாயத்துக்குப் பெரிய தலைவலி இதுதான். முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பள்ளிச் சான்றிதழில் ஒரு 'எம்', ஆதாரில் இரண்டு 'எம்', பாஸ்போர்ட்டில் 'ஓ' இருந்த இடத்தில் 'யு'. ஊரில் எல்லாம் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அவர்கள் மூன்று பேர்! அடுத்தது இனிஷியல். வாப்பா பெயரின் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். பாஸ்போர்ட்டில் பெயர் என்று ஒரு கட்டமும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டமும் இருக்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று பலர் அதைக் காலியாக விட்டார்கள். 2022 நவம்பரில் அமீரகம் ஓர் உத்தரவு போட்டது. ஒற்றைச் சொல்லில் பெயர் வைத்து மறு கட்டத்தைக் காலியாக விட்ட பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா, டூரிஸ்ட் விசாவில் நுழைய அனுமதி இல்லை என்றது. பின்னர், இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அதற்குள் டிக்கெட்டோடு விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. ஆகவே புதிதாக எடுப்பவர்கள் இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். இனிஷியலை விரித்து எழுதுங்கள். பள்ளிச் சான்றிதழில் எப்படியோ அப்படியே எல்லாவற்றிலும் இருக்கட்டும்.

பிறந்த தேதியும் அப்படித்தான். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியர் விரலை மடக்கி எண்ணி ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டார். அதுதான் இன்றைக்கு உங்கள் பிறந்த நாள்! இப்போதைய பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். தாய்மார்கள் கவனிக்க வேண்டும். குழந்தைக்குப் பெயர் சூட்டியதும் அதை நகராட்சிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் பின்னால் அலைச்சல் இல்லை.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு வார்த்தை. நிக்காஹ் தஃப்தரில் மாப்பிள்ளை பெயரை எழுதும்போது அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து அந்த எழுத்திலேயே எழுதுங்கள். செல்லப் பெயர் வேண்டாம். நாளைக்கு அவர் மனைவியைக் குடும்ப விசாவில் அழைக்கும்போது திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட வேண்டும். வலீமா முடிந்த மறு வாரமே விமானம் ஏறிவிடும் மாப்பிள்ளைகள் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்தப் பெண் தனியாக அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள்.

பத்தாம் வகுப்பு என்னும் கோடு

தம்பிமார்களே, உங்கள் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். குடிபெயர்வு அனுமதி தேவை என்று அதற்கு அர்த்தம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமான், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவர், வருமான வரி கட்டுபவர், 50 வயது கடந்தவர், மூன்று வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. பெண்களுக்கு இன்னும் கடுமை. இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண் 30 வயது நிறையாமல் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக முடியாது.

நம் பிள்ளைகளில் பலர் இதை ஓர் இடைஞ்சலாக நினைக்கிறார்கள். ஏஜெண்டும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார். "விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்." டூரிஸ்ட் என்று போனால் அந்த அனுமதி தேவையில்லை அல்லவா? அந்த ஓட்டையில்தான் ஆளை அனுப்புகிறார்கள். சிந்தித்துப் பாருங்கள் சகோதரர்களே! அந்த அனுமதி வாங்கிப் போகிறவனுடைய ஒப்பந்தம் அரசிடம் பதிவாகியிருக்கும். சம்பளம் எவ்வளவு, முதலாளி யார் என்பதற்குச் சாட்சி இருக்கும். 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடு இருக்கும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய் பிரீமியம், வரி தனி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். விசிட் விசாவில் போனவனுக்கு இவற்றில் எதுவும் இல்லை. சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் முதல் குற்றவாளி அவனே!

கணக்கு வாங்கிக் கொள்ளுங்கள். அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்ட் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு ரசீது தர வேண்டும். உம்மாவின் வளையலையும் ராத்தாவின் சங்கிலியையும் விற்று ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று டீக்கடை பெஞ்சில் எண்ணிக் கொடுக்கிறீர்களே, எந்த ரசீது வாங்கினீர்கள்? ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சப் ஏஜெண்ட் என்று ஒருவர் வருவார், நம் ஊர்க்காரராகவே இருப்பார், முதல் சஃப்பில் நிற்பார். சப் ஏஜெண்ட் என்ற ஒன்றுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. தமிழ்நாடு அரசுக்கே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே கேட்டுப் பார்க்கலாமே? கூச்சம் என்ன?

சில வருடங்களாக வேறொரு வலை விரிக்கிறார்கள். இது கம்ப்யூட்டர் படித்த தம்பிகளுக்கு. தாய்லாந்தில் வேலை, டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம் என்பார்கள். பாங்காக்கில் இறக்கி, அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்கும், இன்னும் கம்போடியாவுக்கும் லாவோஸுக்கும் கொண்டு போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, மக்களை ஏமாற்றும் இணைய மோசடி வேலையில் அடைத்துவிடுகிறார்கள். 2022இல் வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அந்த ஆண்டு மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் இருந்தார்கள். 2025 மார்ச்சில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கொண்டுவர வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு இ.சி.ஆர். முத்திரை இல்லை. ஆனால் முத்திரை இல்லை என்பதற்காக ஏமாற்றுக்காரன் உங்களை விட்டுவிடப் போவதில்லை.

மலேசியா போகும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு அங்கே 30 நாள் விசா விலக்குத் தந்தார்கள். இது சுற்றிப் பார்ப்பதற்கு. உணவகத்தில் ரொட்டி போடுவதற்கல்ல! தவணை தாண்டித் தங்கினால் அவர்கள் சட்டத்தில் 10 ஆயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் திருட்டுத்தனமாகத் தங்கிய ஆணுக்குச் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி. அமீரகத்தில் 2022 முதல் ஒரு நாளைக்கு 50 திர்ஹம். "பொது மன்னிப்பு வரும்" என்று காத்திருப்பவர்கள் உண்டு. வந்ததும் உண்மைதான். அமீரகத்தில் 1996, 2003, 2007, 2012, 2018, 2024 என்று வந்தது. ஒரு மன்னிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏழு வருடம் கூட ஆகியிருக்கிறது, பார்த்தீர்களா? அதுவரை மறைந்து வாழ்பவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம்.

அப்படி மாட்டிக்கொண்டவருக்கும் கதவு முழுவதும் அடைபடவில்லை. பாஸ்போர்ட் தொலைந்தாலோ பிடுங்கப்பட்டாலோ நம் தூதரகம் அவசரச் சான்று தரும். நம்மவர்கள் அதை அவுட்பாஸ் என்பார்கள். ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். டிக்கெட்டுக்கு வழியில்லாதவர்களுக்கும், ஜனாஸாவை ஊருக்கு அனுப்புவதற்கும் 2009இல் ஏற்படுத்திய இந்தியச் சமூக நல நிதி தூதரகத்தில் இருக்கிறது. 'மதத்' என்ற இணையதளத்தில் ஊரிலிருந்தே புகாரைப் பதியலாம். பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாமல் ஊரெல்லாம் வசூல் செய்து அனுப்புகிறார்கள்.

வழக்கு இருக்கிறதா? மறைக்காதீர்கள்

இயக்க இளைஞர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது இதைத்தான். "ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டேன், கேஸ் போட்டுவிட்டார்கள். இனி எனக்குப் பாஸ்போர்ட் கிடைக்காதா?" கிடைக்கும். பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவு, நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்கிறது. வெறும் முதல் தகவல் அறிக்கை அப்படிப்பட்ட வழக்கு ஆகாது, நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றிருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. வழக்கு நடந்துகொண்டே இருந்தாலும் 1993 ஆகஸ்ட் 25ஆம் தேதி அரசாணைப்படி அந்த நீதிமன்றத்திலேயே மனுப் போட்டு அனுமதி வாங்கலாம். நீதிமன்றம் எத்தனை வருடம் என்று குறிக்கிறதோ அத்தனை வருடம், குறிக்காவிட்டால் பொதுவாக ஒரு வருடத்துக்குப் பாஸ்போர்ட் தருவார்கள்.

செய்யக் கூடாதது ஒன்றுதான். விண்ணப்பத்தில் "வழக்கு உண்டா?" என்ற இடத்தில் இல்லை என்று எழுதுவது. கேஸ் சாதாரணமாக முடிந்துபோயிருக்கும். ஆனால் பொய் சொன்னதற்குத் தனியாக ஒரு கேஸ் வந்து சேரும். இரண்டு வருடம் வரை சிறை, பாஸ்போர்ட்டும் முடக்கம். அந்தக் காலத்தில் நம் கடற்கரை ஊர்களில் 'தலை மாற்றி' அடுத்தவன் பாஸ்போர்ட்டில் போனவர்களை வீரர்கள் போலப் பேசினோம். அது வீரமல்ல. 2025ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தில் போலிப் பாஸ்போர்ட்டில் வந்து போவதற்கு இரண்டிலிருந்து ஏழு வருடம் வரை சிறை. விரல் ரேகையும் கண்ணும் பார்க்கும் காலம் இது.

அதே நேரத்தில் உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்தது என்று 1967இல் சத்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட் சட்டமே வந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில், காரணம் சொல்லாமல், நம் தரப்பைக் கேட்காமல் பாஸ்போர்ட்டை முடக்குவது நியாயமல்ல என்றார்கள். 2008இல் இன்னொரு தீர்ப்பு. போலீஸ் பாஸ்போர்ட்டைக் கைப்பற்றலாம், ஆனால் தன்னிடமே முடக்கி வைக்க அதற்கு அதிகாரம் இல்லை, பாஸ்போர்ட் அதிகாரிக்குத்தான் உண்டு. விசாரணைக்கு வரும் காவலர் "ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று தலையைச் சொறிந்தால் கொடுக்காதீர்கள். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

வியாபாரிகளுக்கு நீண்ட பேச்சுத் தேவையில்லை. அவர்கள் எனக்குச் சொல்லித் தருவார்கள்! ஆனாலும் இரண்டொன்று. அடிக்கடி போய் வருபவர்கள் 36 பக்கம் எடுக்காமல் 60 பக்கப் புத்தகம் எடுங்கள். 500 ரூபாய்தான் வித்தியாசம். காலாவதிக்கு ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகளில் இறங்க விட மாட்டார்கள், விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். ஹாங்காங்குக்குக் கல் வியாபாரத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன காலம் முடிந்தது. 2017 ஜனவரி முதல் முன்பதிவு செய்தால்தான் 14 நாள் தங்கலாம். அடுத்தவர் தரும் பார்சலை வாங்காதீர்கள். "ஊறுகாய்தான், மச்சானிடம் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். நமக்குச் சமையல் சாமானான கசகசா வளைகுடாவில் போதைப் பொருள். குர்மாவுக்குக் கொண்டு போய்ச் சிறைக்குப் போனவர்கள் உண்டு.

ஹஜ் விஷயத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. விசிட் விசாவில் போய் ஹஜ் செய்துவிடலாம் என்று ஆசை காட்டுகிறார்கள். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் கடும் வெயிலில் 1,301 பேர் மவுத்தானார்கள். அவர்களில் 83 சதவீதம் அனுமதி இல்லாமல் வந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. அனுமதி இல்லாதவருக்குக் குளிரூட்டிய கூடாரம் இல்லை, பஸ் இல்லை. வெயிலில் மைல் கணக்கில் நடந்தார்கள். 2025இல் இதற்கு 20 ஆயிரம் ரியால் வரை அபராதம் என்றார்கள். வயதான தாய் தகப்பனை அனுப்பும் பிள்ளைகள், விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இஷா தொழுகைக்குப் பின் இதே மண்டபத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பெயர், தேதி, விசா, ஒப்பந்தம் எல்லாவற்றையும் சரிபார்த்துச் சொல்வார்கள். காசு கிடையாது. ஜெராக்ஸ் மட்டும் கொண்டு வாருங்கள். அசல் பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம், எங்களிடமும்தான்.